ரோண்டா வீட்டு மின்கம்பியில் ஓர் இரைச்சல்

ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகரில் பல காலம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் ரோண்டா பாஸ்கோ. பின்னால் சண்டை போடும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்குவாள். இப்போது கால்கள் ஓய்ந்து, கைகளும் பாதி ஓய்ந்து, சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கோபம் மட்டும் குறையவில்லை.

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பொத்தான் பலகை உண்டு. விளக்கு, விசிறி, வாசல் கதவு எல்லாம் அதில்தான். அழுத்தினால் வீட்டு மின்கம்பி வழியாகவே கட்டளை போய்ச் சுவிட்சைத் தட்டும். அது வேலை செய்யும்வரைதான் அவள் தன் வீட்டில் தனியாக இருக்க முடியும்.

இரண்டு மாதமாக அது நினைத்தால் வேலை செய்தது, இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியவளுக்குக் கதவு திறக்கவே இல்லை. வெயிலில் கிடந்தாள். பிரிஸ்பேனிலிருந்து மகள் லியான் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "போதும்மா. முதியோர் இல்லத்துல இடம் பாத்தாச்சு. திங்கட்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

லியானுக்கு அக்கறை உண்டு. அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்ததும் புத்தக அலமாரியில் கேமரா வைத்து, கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கறையோடு வாதாடுவது கடினம். அது எதையும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து, லைனில் ஏதோ மின் இரைச்சல் கலந்து கட்டளையைக் கெடுக்கிறது என்றான். எங்கிருந்து என்றால் உதட்டைப் பிதுக்கினான்.

ரோண்டாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு நெவில் கூரையில் சோலார் போட்டதும் இந்தக் கோளாறு தொடங்கிய சமயத்தில்தான். மடியில் பேட்டரி ரேடியோவுடன் வேலியோரம் போனாள். அதே இரைச்சலைப் பிடித்து அந்த ரேடியோவும் கிரிக்கெட் வர்ணனைக்கு நடுவே உர்ரென்று இரைந்துகொண்டிருந்தது.

"யோவ் நெவில்! கூரையில இருக்கிற அந்தச் சனியனை அணை!"

"நான் சௌக்கியந்தான் ரோண்டா. நீ எப்படி இருக்கே?"

"அணைன்னு சொன்னேன்."

அணைத்தான். ரேடியோ அப்போதும் இரைந்தது.

"இப்ப?" என்றான் நெவில்.

அவள் ரேடியோமேல் குனிந்து காது கொடுத்தாள்.

"இப்ப எப்படின்னு கேட்டேன்."

"இன்னும் கத்துது. பல்லைக் காட்டாதே. வந்து என் வீட்டு மெயின் சுவிட்சை அணை."

அவள் கூடத்துக்குத் திரும்பினாள். வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து அவன் மெயினை இறக்கியதும், ரேடியோவில் வர்ணனை கண்ணாடிபோலத் தெளிந்தது. தன் வீட்டுக்குள் இருந்ததற்கு ஊரான் கூரையைத் திட்டியிருக்கிறாள். அந்த நினைப்பு அவள் கோபத்தை இன்னும் கிளறியது. கைப்பேசி அடித்தது.

"உன் பொண்ணா?" ஜன்னல் வழியே கத்தினான்.

"அவ கிடக்கட்டும். ஒவ்வொரு லைனா போடு!"

"சமையலறை!"

"ஒண்ணுமில்ல."

"வெந்நீர்!"

"இல்ல."

"கூடத்துப் பிளக்!"

ரேடியோ அலறியது.

சுவரோரமாக நாற்காலியை நகர்த்தினாள். தொலைக்காட்சியருகே இரைச்சல் கொஞ்சம்தான் ஏறியது. அலமாரியை நெருங்க நெருங்க வர்ணனை மொத்தமாக மூழ்கிப்போனது. அங்கே, கல்யாணப் படத்துக்குப் பின்னால், கேமராவின் கறுப்பு அடாப்டர்.

கீழே விழும் பொருட்களை எடுக்க வைத்திருந்த நீளக் கவ்வியால் வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் கழன்று விழுந்தது. ரேடியோ அடங்கியது. பொத்தானை அழுத்தினாள், கூடத்து விளக்கு எரிந்தது. அணைத்தாள். மறுபடி அழுத்தினாள், எரிந்தது.

மறுபடி கைப்பேசி. இந்தத் தடவை எடுத்தாள்.

"அம்மா! கேமரா நின்னு போச்சு. விழுந்துட்டியா?"

"விழல. புடுங்கிட்டேன். அதோட அடாப்டர்தாண்டி என் சுவிட்சையெல்லாம் முடக்கிப் போட்டது. விளக்குப் போட முடியாம நான் இருட்டுல உக்காந்திருந்ததை அதுலதானே பாத்தே? பாத்துட்டு, அம்மாவால முடியலன்னு நீயே தீர்ப்பு எழுதிட்டே."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நல்ல அடாப்டரா வாங்கி அனுப்பறேன், மாட்டிடு."

"மாட்ட மாட்டேன். அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி, இடம் வேணாம்னு சொல்லு. இப்பவே."

"கோவத்துல பேசாதேம்மா."

"கோவத்துலதான் பேசறேன். நிதானமா சொன்னப்ப எதைக் கேட்டே நீ?"

"சரி, சொல்லிடறேன்," என்றாள் லியான் கடைசியில். அதில் முழுச் சம்மதம் இல்லை. ரோண்டாவுக்கு அது போதும்.

ஜன்னலில் நெவில் தலை தெரிந்தது. "நீ எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி."

"வாசலுக்கு வா," என்று ரோண்டா கதவுப் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. "டீயை நீதான் போடணும்."