மலைப்பக்கத்துக்குச் சிவப்பு

வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் தொண்டு நிறுவனம் இருந்தது. கிராமங்களில் சிறு குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை குறைந்தவர்களைக் கவனிப்பது எங்கள் வேலை. நான் கம்ப்யூட்டர் பக்கம். ஐந்து பகுதிகளின் கணக்கையும் சேர்த்து, பகுதிக்கு ஒரு கோடாக வரைபடம் போட்டு, மாதக் கூட்டத்தில் புரொஜெக்டரால் சுவரில் காட்டுவேன். கோடு ஏறினால் சரியான எடைக்கு வந்த குழந்தைகள் கூடியிருக்கிறார்கள் என்று பொருள்.

நிறங்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. முதல் வரிசைக்கு நீலம், அடுத்ததற்கு ஆரஞ்சு என்று மென்பொருளே கொடுத்துக்கொண்டு போகும். எங்கள் இயக்குநர் ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர். ஓரத்தில் பகுதிப் பெயர்கள் இருக்கும் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தை வைத்துத்தான் பகுதியைச் சொல்வார். பச்சை என்றால் மலைப்பக்கம்.

ஒரு மாதம் கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று பௌர்ணமிக்கு முன்பே கூடினோம். அதனால் ஒரு பகுதியின் கணக்கு வந்து சேரவில்லை. அந்த வரிசையை எடுத்துவிட்டு வரைபடம் போட்டேன். சுவரில் பச்சைக் கோடு சரிந்து கிடந்தது.

டாக்டர் மலைப்பக்கப் பணியாளரைப் பார்த்தார். அந்தப் பெண் மலைக் கிராமத்தில் பிறந்து அங்கேயே வேலை பார்ப்பவர்.

"ஏம்மா, ஏறிக்கிட்டு இருந்தது இப்டி இறங்கியிருக்கு. மேல போறதையே விட்டுட்டியா?"

அவர் எழுந்து நின்றார். வாராவாரம் போவதாகச் சொன்னார். என்னிடமிருந்த தாளில் அவருடைய கணக்கு போன மாதத்தைவிடக் கூடியிருந்தது. சுவரைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒரு வரிசை போனதும் அதற்குக் கீழே இருந்தவற்றின் நிறமெல்லாம் ஒரு இடம் தள்ளிப்போயிருந்தது.

"டாக்டர், அது இவங்க கோடு இல்ல. நிறம் மாறிடுச்சு. இவங்களோடது ஏறித்தான் இருக்கு" என்றேன்.

டாக்டர் எழுந்து சுவருக்கு அருகில் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு திரும்பி, "தப்பா கேட்டுட்டேம்மா, உக்காரு" என்றார். என்னிடம், கணக்கு வராவிட்டாலும் அவரவர் நிறம் அவரவருக்கே இருக்க வேண்டும் என்றார்.

அடுத்த சில நாள்கள் அதையே கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறத்தைக் கையால் நிர்ணயித்து, அதை ஒரு மாதிரிக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். கணக்கு வராத வரிசையை எடுக்காமல் காலியாக விட வேண்டும். எந்த நிறம் யாருக்கு என்பதைப் பகுதிப் பணியாளர்களிடமே கேட்டுவிடலாம் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டேன். சுலபமாக முடியும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நிறங்களைக் காட்டி, இவை பக்கத்தில் வந்தால் கட்சிக்கொடி போல இருக்கும், ஊரில் பேச்சு வரும் என்றார் ஒருவர். மஞ்சள் எங்கள் சந்தன நிறச் சுவரில் காணாமலே போனது. சிவப்பை யாரும் தொடவில்லை. பரீட்சையில் ஃபெயில் ஆன மாதிரி இருக்கிறதாம். பேச்சு நீண்டுகொண்டே போனபோது மலைப்பக்கப் பெண் தன் பச்சையை விட்டுக்கொடுத்தார்.

"சிவப்ப எனக்குக் குடுங்க. எங்க பக்கம் எடை கம்மி, கோடு கீழதான் கெடக்கும். கீழ இருந்தாலும் கண்ணுல படட்டும்."

அப்படியே போட்டேன்.

மழைக்காலத்தில் சிவப்புக் கோடு இறங்கியது. டாக்டரின் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான், இந்த முறை கோபமில்லாமல். எடை மெஷினைத் தோளில் சுமந்து நடந்தே போவதாகவும், ஓடையில் தண்ணீர் வந்தால் அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போக முடிவதில்லை என்றும் மலைப்பக்கப் பெண் சொன்னார். இத்தனை நாளாக யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த மாதமே ஓடைக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இன்னொரு மெஷின் வாங்கினார்கள். அங்கேயே இருக்கும் ஒரு பெண்ணை வேலைக்கும் சேர்த்தார்கள்.

வெயில் காலம் வந்தபோது சிவப்பு இரண்டு கோடுகளைத் தாண்டி மேலே போயிருந்தது. கூட்டத்தில் டீ குடிக்க எல்லோரும் எழுந்ததும் மலைப்பக்கப் பெண் செல்போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். குறுக்கே யாரோ வந்து தலை மறைத்துவிட்டது. "கொஞ்சம் அப்டியே விட்டு வைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இன்னொரு படம் எடுத்தார்.