பிராங்பேர்ட் வழியாகப் போகாத துவக்கு

ஞாயிறு, மாலை 3.30. ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டு வாசலில் டாக்ஸி வந்து நின்றது. எங்களிடம் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றில் உடுப்பு. இன்னொன்றில் சப்பாத்து, மருந்து, தனியாகப் பூட்டிய சின்ன இரும்புப் பெட்டிக்குள் ரவைகள். மூன்றாவது நீளமானது, கறுப்பு நிறம், இரண்டு பூட்டுகள். சாரதி தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் நம்ம யாழ்ப்பாணத்தவர்தான். நீளப் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, உது கீபோட்டோ? நல்ல பாரமாக் கிடக்கு."

"இல்லை, துவக்கு" என்றாள் என் மனைவி வசந்தி, துப்பாக்கியை ஏதோ குடை மாதிரிச் சொல்லும் குரலில்.

பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வைத்துவிட்டு வந்து ஏறினார் மனிதர். கியூ பாலம் வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அண்ணை, வேட்டைக்கோ?"

"நமீபியாவுக்கு. ஆனால் துவக்கு என்ரை இல்லை, இவவின்ரை."

"அப்ப நீங்கள்?"

"நான் பிளேன் ரிக்கற் போடுற ஆள்."

அவர் சிரித்தார். நான் சொன்னதில் பகிடி எதுவும் இல்லை.

வசந்தி குரொய்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. கூட வேலை செய்த ஒருத்தி கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் குறி பார்த்துச் சுடப் பழகினாள். பிறகு அனுமதிப் பத்திரம் எடுத்து, சசெக்ஸ் காடுகளில் மான் வேட்டைக்கும் போகத் தொடங்கினாள். வாழ்நாளில் ஒரு தடவை ஒரிக்ஸ் என்னும் நீளக் கொம்பு மானைத் தேடி ஆபிரிக்காவில் நடக்க வேண்டும், அதுவும் தன் துவக்கோடுதான் என்பது அவள் ஆசை. அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. தோளில் வைக்கும் கட்டையை அவள் கையளவுக்கு அறுத்துச் செய்வித்திருந்தாள். பண்ணைகளில் வாடகைக்குக் கிடைப்பவையெல்லாம் ஆறடி ஆட்களுக்கானவை. ஸ்கொட்லாந்தில் ஒரு முறை அப்படி ஒன்றை வாங்கிச் சுட்டுவிட்டு, கன்னம் வீங்கி வந்தாள். ஆகவே சொந்தத் துவக்கு, இல்லையென்றால் பயணமே இல்லை.

வழி பார்ப்பது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கலியாணம், செத்தவீடு என்றாலும் ரிக்கற் போடுவது நான்தான். என்னிடம் ஒரே ஒரு விதிதான் உண்டு: போகிற வழியில் எந்தச் சொந்தக்காரர் இருக்கிறார்? எங்கள் ஆட்கள் சொந்தக்காரரின் தலைக்கு மேலால் பறந்து போகமாட்டார்கள், இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். என் அக்கா பிராங்பேர்ட்டுக்குக் கிட்ட இருக்கிறா. லண்டனுக்கு வருமுன் எட்டு வருடம் அக்கா வீட்டில்தான் இருந்தேன். எனக்குத் தாய்க்குச் சமன். பிராங்பேர்ட்டிலிருந்து நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்குக்கு நேரடி விமானமும் இருக்கிறது. காலையில் பிராங்பேர்ட், பகல் முழுக்க அக்கா வீடு, இரவு விமானம். எவ்வளவு அழகான வழி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அக்காவுக்கு இரண்டு விமானத்தின் இலக்கத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பினேன். அக்கா வடைக்கு உழுந்து வாங்கிவிட்டா.

பணம் கட்டுமுன் துவக்கைப் பற்றிச் சொல்ல விமான நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். நல்லகாலம். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்: "அந்தப் பகல் முழுக்க உங்கள் துப்பாக்கி எங்கே இருக்கும்?" அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இரண்டும் வெவ்வேறு ரிக்கற். பெட்டி பிராங்பேர்ட்டில் வெளியே வந்துவிடும். வந்தால் ஜேர்மனியின் அனுமதி வேண்டும். அது எங்கள் திகதிக்குள் கிடைக்காது. சரி, வளைகுடா வழியாகப் போகலாமா என்று பார்த்தேன். விமானம் மாறுவதற்கே அந்த நாட்டிடம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டுமாம். இன்னொரு வழியில் முதல் விமானம் துவக்கை ஏற்றும், இரண்டாவது ஏற்றாது.

போகிறவர்களுக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றில் இருக்கட்டும். எவ்வளவு தூரம் நேராகப் போக முடியுமோ அவ்வளவு தூரம் நேராகப் போங்கள். மாறும் இடத்தில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள், ஆனால் பெட்டி மாறுவதற்கு இரண்டு மூன்று மணிநேரம் விடுங்கள். துவக்கை ஏற்றுவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணத்தைக் கட்டுங்கள். விதிகள் மாறும், நீங்களும் கேளுங்கள். இதன்படி எங்களுக்கு மிஞ்சியது ஒரே வழிதான்: லண்டனிலிருந்து நேரே ஜொஹனஸ்பேர்க், அங்கிருந்து விண்ட்ஹூக். எங்கள் சொந்தத்தில் ஒரு குஞ்சுகூட இல்லாத வழி.

அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப துவக்குக்கு வழி இருக்கு. அக்காவுக்கு வழியில்லை. அப்பிடித்தானே?"

"அப்பிடி இல்லையக்கா, சட்டம்…"

"சரி தம்பி, வைக்கிறன்."

அதன்பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை. சண்டைக் காலத்தில் ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் எங்கள் எல்லோரையும் கட்டிலுக்குக் கீழே இழுத்துப் போட்டவ அக்கா. அந்தச் சாமானுக்காக அக்காவையே தாண்டிப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் நோகாது? அக்காவும் வசந்தியும் ஒருவருக்கொருவர் மச்சாள். வசந்தியும் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "இஞ்சருங்கோ, துவக்கை விட்டிட்டு மச்சாளைப் பாத்திட்டு வருவம். எனக்கு இதொண்டும் பெரிசில்லை." பெரிசில்லை என்று சொன்னவளின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் நைற் ஷிப்டில் கழித்தவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான். ரிக்கற்றைப் போட்டேன்.

மாலை 4.50, ஹீத்ரோ. கவுன்ரரில் விசயத்தைச் சொன்னதும் ஓர் அதிகாரி வந்தார். "உங்களுடையதா, சேர்?" என்று என்னைத்தான் கேட்டார். வசந்தி முன்னால் வந்து பூட்டைத் திறந்தாள். துவக்கின் இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், துவக்கினுள் ரவை இல்லை என்று உறுதிப்படுத்தினார், மீண்டும் பூட்டச் சொன்னார். பெட்டியைக் கையோடு கொண்டுபோனார்கள். அரை மணிநேரத்தில் எல்லாம் முடிந்தது.

திங்கள், காலை 7.15, ஜொஹனஸ்பேர்க். பதினொரு மணிநேரப் பறப்பில் வசந்தி நித்திரை கொள்ளவில்லை. விமானம் மாறும் இடத்தில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீர்கள் சேர், உங்கள் துப்பாக்கி வருகிறது" என்று என்னைத் தேற்றினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "இனிக் கோப்பி குடிக்கலாம்" என்றாள் வசந்தி.

நண்பகல், விண்ட்ஹூக். நகரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளி, வெட்டவெளியில் இருக்கிறது விமான நிலையம். ஏணியால் இறங்கி வெயிலில் நடந்துதான் உள்ளே போக வேண்டும். காற்றில் ஈரமே இல்லை. லண்டனில் எனக்கு நோகிற முழங்கால் அங்கே நோகவில்லை. பொலிஸ் மேசையில் இருந்த அதிகாரியும் படிவத்தை என்னிடம்தான் நீட்டினார். அதை வசந்தி பக்கம் தள்ளிவிட்டு, உடுப்புப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நான் முதலில் வெளியே வந்தேன்.

வாசலுக்கு நேரே இருந்த மர வாங்கில், மடியில் குளிர்க் கோட்டும் காலடியில் ஒரு பையுமாக அக்கா இருந்தா.

"அக்கா?"

"என்ன முழுசுறாய்? நீ அனுப்பின ஃபிளைட்தான். நம்பர் பாடமாப் போச்சு. விடியவே வந்திட்டன்."

"போனை எடுத்திருக்கலாமே, அக்கா."

"எடுத்தால் வரவேண்டாமெண்டு சொல்லுவாய். நீ என்னைத் தாண்டிப் போனால் நான் உன்னைத் தாண்டி வந்து முன்னுக்கு நிப்பன்."

"கோவம் போட்டுதோ?"

"போகேல்லை. கோவமெண்டு சாப்பாடு தராமல் விடுறதோ? இந்தா, வடை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. விமான நிலையத்தில் நின்று அழுதுகொண்டே பருத்தித்துறை வடை சாப்பிட்டேன். அப்போது வசந்தி நீளப் பெட்டியோடு வந்தாள். அவளைக் கட்டிப் பிடித்த அக்கா, பெட்டியைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டா. "அதை அங்காலை வை பிள்ளை."

பண்ணை வடக்கே நூற்றெண்பது கிலோமீற்றர், பாதி தார் போடாத கிரவல் ரோட்டு. பண்ணைக்காரர் யோகான் ஜேர்மன் பேசுகிறவர். என் ஜேர்மன் எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. ஆகவே அக்காதான் எங்கள் வாய். அன்று இரவே அக்காவுக்கு ஓர் அறையும், அடுத்த நாள் அடுப்பில் பாதியும் கிடைத்துவிட்டன.

வியாழன், காலை 8 மணி. இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பி வந்த வசந்தி, யோகானோடு முள்மரங்களுக்கு அப்பால் நடந்து போயிருந்தாள். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "முடிஞ்சுதோ?" என்று கேட்டா. முடிந்துவிட்டது. இன்னொரு சத்தம் வரவில்லை. வசந்தி திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா தேத்தண்ணியைக் கொடுத்து அவளைப் பக்கத்தில் இருத்தினா.

அன்று மாலை, பிராங்பேர்ட்டிலிருந்து வந்த யாழ்ப்பாண மிளகாய்த்தூளில் ஒரிக்ஸ் இறைச்சிப் பிரட்டல். மிச்ச இறைச்சி பண்ணையில் வேலை செய்பவர்களின் வீடுகளுக்குப் போனது. யோகான் வியர்க்க வியர்க்க மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்த வசந்தியைத் தூரத்தில் இருந்து பார்த்த அக்கா, கிட்ட வந்தா.

"உந்தக் கட்டை ஏன் இவ்வளவு சின்னன்?"

"என்ரை கைக்கு அளவா வெட்டினது, மச்சாள்."

அக்கா தன் கையை அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தா. "எனக்கும் அளவுதான்" என்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டா.

ஞாயிறு, காலை 11 மணி, மீண்டும் விண்ட்ஹூக் விமான நிலையம். அக்காவுக்கு இரவு விமானம். எங்களை வழியனுப்பிவிட்டு இருந்து போகிறேன் என்று கூடவே வந்துவிட்டா. வசந்தி பத்திரத்துக்கு முத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். நீளப் பெட்டி வாங்கின் மேல் கிடந்தது. அக்கா அதன் மேல் ஒரு கையை வைத்தபடி இருந்தா. ஓர் அதிகாரி வந்து, வழக்கம்போல என்னைப் பார்த்து, "உங்களுடையதா?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அக்கா எழும்பிவிட்டா. "நைன், நைன். அவன்ரை இல்லை. இது என்ரை மச்சாளின்ரை" என்று ஜேர்மனும் தமிழுமாகச் சொல்லி, வசந்தியைக் கை நீட்டிக் காட்டினா. அதிகாரிக்கு அது விளங்கியதோ தெரியாது. ஆனால் வசந்தியிடம்தான் போனார்.

லண்டனில் மழை. என் முழங்கால் மறுபடியும் நோகத் தொடங்கியது. ஹீத்ரோவில் துவக்கைக் கையளிக்க வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்து, என் பக்கம் திரும்பினார். "உங்களுடையதா, சேர்?"

"இல்லை" என்றேன். "என் அக்காவின் மச்சாளுடையது."