ரஹீம் கழற்றி வைத்த இரண்டு வயர்கள்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ரஹீமின் அக்கா நூர் போன் செய்தார். "தீனா, ரஹீம் போயிட்டான்டா." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. திங்கட்கிழமை மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பையன், வியாழக்கிழமை இல்லை.

நம் வகுப்பில் உங்களுக்கெல்லாம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் கூப்பிட்டவன் சிரித்தான். இரண்டாமவன், "காலங்காத்தால இன்னாடா வெளையாட்டு? செருப்பு பிஞ்சிடும்" என்று வைத்துவிட்டான். மூன்றாமவன் சரிபார்க்க ரஹீமின் நம்பருக்கே போன் போட்டிருக்கிறான். உங்கள்மேல் தப்பில்லை. பிரின்சிபாலுக்கு மாற்றல் என்று கிளப்பிவிட்டு, மொத்த வகுப்பையும் இல்லாத வழியனுப்பு விழாவுக்கு வரவழைத்தவன் நான். என் வாயிலிருந்து வந்தால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்தீர்கள். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் ஆசை.

ரஹீமின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பெட்டியில் அந்த ஹெலிகாப்டர் தனித்தனிப் பாகங்களாக வந்தது. பேட்டரியில் ஓடுவது, ரிமோட்டில் பறப்பது. ஓர் அடி ஸ்கேல் நீளத்துக்கு இரண்டு மர இறக்கைகள். அவன் கட்டினான், நான் ஓட்டினேன். சரியாகச் சொன்னால், அவன் கட்டினான், நான் முட்டினேன், அவன் மறுபடி கட்டினான். கம்ப்யூட்டரில் பறக்கவிட்டுப் பழகியதால் எனக்கு ஓட்டக் கை வந்தது. அவன் ஒருநாளும் ஓட்டியதில்லை. "நீ ஓட்டு, நான் பார்த்துக்கறேன்" என்பான்.

பார்ப்பது என்றால் சும்மா இல்லை. எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் சோதனைக்கு நிற்பதுபோல எங்கள் ஹெலிகாப்டர் ஆரம்பாக்கத்து வயலில் நிற்கும். அறுவடை முடிந்து காய்ந்த வயல். அதனால் நான் அவனுக்கு வைத்த பெயரே செக்போஸ்ட். ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் திருகிப் பார்ப்பான். அதே அலைவரிசையில் பக்கத்தில் வேறு ரிமோட் இருந்தால் நம் ஹெலிகாப்டர் அதன் பேச்சைக் கேட்கும் என்று சுற்றிலும் பார்ப்பான். "இங்க நம்மள வுட்டா கொக்குதான்டா கீது" என்பேன். "கொக்கு கையில ரிமோட் கீதான்னு பாரு" என்பான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"மொதல்ல ரிமோட், கடைசியில பேட்டரி. கழட்டும்போது மொதல்ல பேட்டரி, கடைசியில ரிமோட்." இதை அவன் சொல்லிக் கேட்காதவர் நம் வகுப்பில் இல்லை. நான் அவசரப்படுத்தும்போது மட்டும் இன்னொன்று சொல்வான்: "பறக்கறது நாலு நிமிஷம்டா. வெரலு ஆயுசுக்கும் வேணும்."

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேட்டரி மாட்டியாகிவிட்டது. ரஹீம் எனக்கு முதுகைக் காட்டி, ஹெலிகாப்டர் மேல் குனிந்திருந்தான். இறக்கைகளுக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும். அது சரியான பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவன் சொல்லச் சொல்ல நான் ரிமோட்டை அசைத்தேன். "இடது. வலது. முன்னாடி." முக்கால் மணி நேரம். எனக்குச் சலித்துவிட்டது. ரிமோட்டின் மூலையில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அதைத் தட்டினால் மோட்டார் நேராக முழு வேகத்துக்குப் போகும். ஒரு விநாடி சுழலட்டும், பயல் துள்ளட்டும் என்று தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சட்டென்று ஸ்விட்சைப் பழையபடி வைத்தேன். ரஹீம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி" என்றான். நான் குச்சியைப் பின்னால் இழுத்தேன். சோதனை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றினான். பிறகுதான் பார்த்தேன், மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டு தனியாகத் தொங்கின. அதுவரை ஒருநாளும் அவன் அப்படிச் செய்ததில்லை. அவற்றைத் திரும்ப மாட்டினான்.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. பறக்கவிட்டேன். மூன்றாவது நிமிடம் வரப்பில் நட்டிருந்த மூங்கிலில் மோதினேன். இறக்கை ஒன்று சிதறியது. எங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் கேனிலிருந்து திடீரென்று தண்ணீர் பீய்ச்சியது. விரல் நீள இறக்கைச் சில்லு ஒன்று அதைத் துளைத்து உள்ளே போயிருந்தது. நான் கேனைப் பார்த்தேன். அப்புறம் ரஹீமின் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் முன்னால் அந்த முகம் இறக்கைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் நான் தட்டினேன்.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். "வெயிலு" என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து அவனிடம் உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்து, ஒவ்வொரு நாளும் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்தேன். சொல்வதற்கு இத்தனை மாதம் இருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பழவேற்காட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்விட்சைத் தட்டியதை நூர் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

"இன்னாக்கா?"

"அன்னிக்கே வந்து சொன்னான். நீ தட்டினதும் அவன் கண்ணு முன்னாடி அந்தத் தட்டு தானா எறங்குச்சாம், அத வெச்சே கண்டுபுடிச்சிட்டானாம். 'காலையில இருந்தே தீனா கை சும்மா இல்ல, எப்படியும் தட்டுவான்னு தெரியும், அதான் வயரக் கழட்டிட்டுக் குனிஞ்சேன்'னான்."

"என்னத் திட்டலியா?"

"இல்லடா. சிரிச்சிக்கினுதான் சொன்னான்." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் உள்ள போயி, கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். மூஞ்சியத் தடவித் தடவிப் பாத்துக்கினு இருந்தான். அத்தா கூப்ட்டாரு, அப்பவும் வரல."

ஹெலிகாப்டரை எடுத்துப் போகச் சொன்னார். முடியாது என்றேன். நேற்றிரவுகூடக் கனவில் அந்த ஸ்விட்சைத் தட்டினேன். வயர்கள் மாட்டியிருந்தன.

ரஹீம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்ற நேரம், அதுதான் என்னிடம் இருக்கிறது. அப்போது அவன் என்னைப் பற்றி என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது, இனிமேல் கேட்கவும் முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை பொன்னேரியில் நான் பஸ் ஏறியபோது, வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தான்.