முள்ளும் எண்ணும் கல்லும்

பள்ளி வேன் ஓட்டும் அவரைப் பிள்ளைகள் ‘நாற்பது அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேகம் காட்டும் முள், பள்ளி விதித்த வரம்பான நாற்பதைத் தாண்டியதே இல்லை. பதினொரு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்ததா அது?

அப்படிப்பட்டவர் மீதே புகார் வந்தது. ஒரு பிள்ளையின் அப்பா புதுக் கார் வாங்கியிருந்தார். வேனுக்குப் பின்னாலேயே வந்தபோது அவர் கார் நாற்பத்திரண்டு காட்டியிருக்கிறது. நேரே பள்ளி மேலாளரம்மாவிடம் வந்துவிட்டார்.

“முள்ளு மீட்டரெல்லாம் குத்துமதிப்புங்க மேடம். என்னோடது டிஜிட்டல், துளி பிசகாது.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

“உங்க மீட்டரும் வேணாம், என் மீட்டரும் வேணாம் சார். வெளிச்சாலையில கிலோமீட்டர் கல்லு இருக்கு. அது யாருக்கும் பரிஞ்சு பேசாது. வாங்க.”

நொடி எண்ண மேலாளரம்மா கைபேசியோடு வேனில் ஏறினார். புகார் சொன்னவர் காரில் பின்தொடர்ந்தார். முள் நாற்பதில் ஆணியடித்தாற்போல் நின்றது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொண்ணூற்றேழு நொடி.

“ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு நொடி. அதை இதால வகுங்க மேடம்.”

முப்பத்தேழு வந்தது.

காரிலிருந்து இறங்கியவர் கைபேசியை எட்டிப் பார்த்தார். “எனக்கு வழி பூரா நாப்பத்திரண்டு காட்டுச்சே! டிஜிட்டலாச்சேக்கா!”

“எண்ணா இருந்தா என்ன, முள்ளா இருந்தா என்ன சார், ரெண்டும் சக்கரம் சுத்துறதைத்தான் எண்ணுது. குறைச்சுக் காட்டிடக் கூடாதுன்னு செய்யும்போதே கொஞ்சம் கூட்டி வைப்பாங்க. டயர் தேஞ்சா இன்னும் கூடும்.”

“இதையெல்லாம் எப்ப பார்த்தீங்க?” என்றார் மேலாளரம்மா.

“வண்டி கைக்கு வந்த முதல் வாரமே மேடம். இருபது உசுரை ஏத்திக்கிட்டு முள்ளை மட்டும் நம்ப முடியுமா?”

மறுநாளே மற்ற ஏழு வேன்களையும் அளக்கச் சொன்னார் மேலாளரம்மா. ஆறு வேன்களில் குறையில்லை. ஏழாவதில் முள் நாற்பது காட்ட, கல்லுக்குக் கல் எண்பத்திரண்டு நொடிதான். உண்மை வேகம் நாற்பத்து நாலு! யாரோ அளவு பெரிய டயரை மாட்டியிருந்தார்கள். அக்கா சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, டயர் மாற்றிய பிறகே திருப்பிக் கொடுத்தார். அந்த ஓட்டுநர் முகம் சுளிக்கவில்லை, “நல்லவேளைக்கா” என்றார்.

வீட்டில் கணவரிடம் அக்கா முழுக் கதையும் சொன்னார்.

“இது நாலாவது தடவை” என்றார் அவர்.

“அதனால என்ன? கேக்க எண்பத்திரண்டு நொடிதான் ஆகும், உக்காருங்க, மறுபடி சொல்றேன்.”

அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.