நான் வரைந்த ரோடு

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். யார் வேண்டுமானாலும் தெருக்களைச் சேர்க்கக்கூடிய இன்டர்நெட் வரைபடத்தில், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் பகுதியை வரைந்து வந்தேன். வானிலிருந்து எடுத்த படத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. ரோடு என்று போட்டுவிட்டேன்.

பிரசவத்துக்காகத் தங்கையை எங்கள் புது வீட்டுக்கு வேனில் அழைத்து வந்த மாப்பிள்ளையிடம், அந்த வரைபடத்தைத்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். வழியில் போன் செய்தார்.

"ஏனுங்க மச்சான், ரோட்டயே காணோமுங்க. முன்னால செவுரில்லாத கெணறு!"

"வண்டிய நிறுத்துங்க மாப்ளே!"

"நிறுத்திட்டனுங்க."

தங்கை போனைப் பிடுங்கினாள். "அண்ணா, நீ போட்ட ரோட்ட இங்க ரெண்டு பேரு மடிச்சு வெக்கறாங்க!"

தினமும் வெள்ளைப் பனியன் துணியை நீளமாக விரித்துக் காயப்போடும் வெட்டவெளிக் காடாம் அது.

அன்றே கோட்டை அழித்தேன். இப்போது சைக்கிளில் கடைசிவரை போய்ப் பார்க்காத பாதையை வரைவதில்லை, அது எங்கள் சொந்த வீதியாக இருந்தாலும்.