ஊஞ்சல் சங்கிலியில் தேனீக்கூட்டம்

நான் விவசாய இலாகாவில் தேனீ டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வீட்டுக் கொல்லையில் பெட்டி வைப்பவர்களுக்கு வேலை பழக்கித் தருவது என் பொறுப்பு. ஒரு முற்பகல் வலியசாலையிலிருந்து பந்தல்காரர் ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். கல்யாணப் பந்தலில் தேனீ வந்து தொங்குகிறதாம். அதுவும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார்த்தி ஆட்டும் ஊஞ்சலின் சங்கிலியில்.

எங்கள் சூப்பிரண்டு மலையாளி. “எடோ, வேகம் போய் நோக்கு. ஒருத்தரைக் கொட்டினா அந்தத் தெருவில் இனி ஒரு பெட்டியும் இருக்காது, கேட்டோ?” என்றார்.

அது பார்வதி மாமியின் தேனீதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெருவில் பெட்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணம் அவருக்கு அடுத்த வீட்டில்.

பந்தலில் பெண்ணின் தகப்பனார் வெங்கிடாசலமையர் தென்னோலையைச் சுருட்டிக் கட்டிய சூட்டுப் பந்தத்தைக் கொளுத்தப் போனார். ஓலைப் பந்தலுக்குள் தீ! எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

“சாமி, அதைக் கீழ போடுங்க! பந்தல் பத்திக்கும். வயிறு முட்டத் தேன் குடிச்சிட்டு இப்ப சாதுவா இருக்கு. சூடு பட்டா அத்தனையும் கொட்டும்.”

“மாப்பிள்ளை காசிக்குப் போறேன்னு பரதேசிக்கோலம் கிளம்பியாச்சு ஓய்! திரும்பினா நேரா மாலை மாத்தி ஊஞ்சல்தான். முகூர்த்தம் தப்பினா நீரா பதில் சொல்லுவீர்?”

மாமி ஓரமாக முகம் வெளிறி நின்றார். “கல்யாணத்துக்கு வரவாளைக் கொட்டிடப்படாதேன்னு ஒரு மாசமா பெட்டியைத் திறக்கவே இல்லை. தொந்தரவு பண்ணாம இருந்தா சும்மா இருக்கும்னு நினைச்சேன்.”

நல்ல மனசுதான். வினையும் அதுதான். பூக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து, புது ராணி வளரும் அறைகளைக் கிள்ளிவிட்டு, இடம் போதாவிட்டால் அடை கட்டும் மரச்சட்டம் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

மாமியின் பெட்டியிலிருந்து புழுவுள்ள சட்டம் ஒன்றை எடுத்து, நான் கொண்டுபோயிருந்த காலிப் பெட்டியில் போட்டேன்; புழுவை விட்டுத் தேனீ எளிதில் போகாது. அதை ஊஞ்சல் பலகையில், கூட்டத்துக்கு நேர் கீழே வைத்தேன். கூட்டத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, சங்கிலியை வெடுக்கென்று ஒரு உலுக்கு உலுக்கினேன். கொத்தாக உள்ளே விழுந்தது. மூடியை வைத்தேன். ராணி உள்ளே இருந்தால் மற்றவையும் போகும். இல்லாவிட்டால் மறுபடியும் சங்கிலிதான். தெருமுனையில் நாகஸ்வரம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டி வாசலில் நின்ற தேனீக்கள் பின்புறத்தைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றை அழைக்கத் தொடங்கின. வெளியே சுற்றியவை வரிசையாக நுழைந்தன. “அப்பாடா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“வெங்கிட்டு, உன் பொண்ணுக்கு முன்னாடி என் ராணி ஊஞ்சல்ல உக்காந்துட்டாடா” என்ற மாமி, சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டார். ஐயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் பெட்டிமேல் ஈரத்துணி போர்த்தி ஆபீசுக்கே எடுத்துப் போனேன். ஒருவருக்கும் ஒரு கொட்டு இல்லை.

அடுத்த வாரம் மாமியின் பெட்டியைத் திறக்கப் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐயர் கூப்பிட்டார். ‘பெட்டியை எடுத்துடுங்கோ’ என்று சொல்லப் போகிறார் என்றே பயந்தேன்.

“மாமி, இனிமே எங்காத்துல என்ன விசேஷமானாலும் பெட்டியைத் திறந்து பாருங்கோ. ஒரு குரல் குடுங்கோ, கொல்லைக் கதவைச் சாத்திக்கறோம்.”

அதற்குப் பிறகு, யாருக்குப் பெட்டி கொடுத்தாலும் முதலில் அடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவேன். திறக்கும் நாள் அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அயலாருக்குப் பயந்து மூடி வைத்த பெட்டிதான் கடைசியில் அயலார் வீட்டுக்குப் பறந்து போகிறது.