கைவாடை

எலியக்கா என்று சொன்னால் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரை தெரியாதவர் கிடையாது. மூன்றாம் மாடியில் இரட்டைக் கதவுக்குப் பின்னால் இரண்டு எலி அறைகள், இடது ஒன்று, வலது ஒன்று. இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டுக்கும் அவள்தான் எல்லாம். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, செத்ததை எடுப்பது, பிறந்ததை எண்ணுவது. பட்டம் வாங்கியவர்கள் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, அவள் எழுதிக் கொடுக்கும் எண்களைக் கூட்டிக் கழித்துக் கட்டுரை போட்டுப் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தார்கள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களோடு இருப்பதைவிட எலிகளோடு இருப்பது நிம்மதி என்பாள்.

வீட்டில்தான் கொஞ்சம் கெடுபிடி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர், குளிக்காமல் சமையலறைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். குளித்துவிட்டு வந்தாலும் முகத்தைச் சுளிப்பார்.

"மூணு தடவை சோப்பு போட்டாலும் உன் கையில அந்த வாடை போகாதுடி."

"இருபத்தஞ்சு வருஷமா உங்க சட்டையில டீசல் வாடை வந்துச்சே, நான் ஏதாவது சொன்னேனா?" என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நிலையத்திலும் ஒரு சட்டம் இருந்தது. குட்டி போட்ட தாயின் கூண்டை மூன்று நாள் திறக்கக் கூடாது. நாலாம் நாள் காலையில்தான் திறந்து எண்ண வேண்டும். மனிதரின் கைவாடை பட்டால் தாய் மிரண்டுபோய்க் குட்டிகளைத் தின்றுவிடும் என்பது காரணம். துறைத் தலைவராக இருந்த பெரியவர் தம் பாடப்புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் மற்ற நிலையங்களில் இருந்தவர்களும் நாலாம் நாள் எண்ணினார்கள். பெரியவர் ஒரு எலியைக் கையில் பிடித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

எலியக்கா முதல் நாளே திறப்பாள். வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே அப்படித்தான். அதே கூண்டின் மரத்தூளை அள்ளி இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, மெதுவாகக் கையை உள்ளே விடுவாள். தாய் எலிகள் அவளைத் தண்ணீர்ப் புட்டிக்குச் சமமாகத்தான் மதித்தன. எத்தனை பிறந்தது என்று தெரியாமல் அவளுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது, அவ்வளவுதான். முதல் நாள் எண்ணிக்கையை மேலங்கிப் பையில் வைத்திருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். நாலாம் நாள் எண்ணிக்கை படிவத்துக்குப் போகும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எப்போதாவது ஒன்று குறையும்.

அப்போதுதான் அந்த மாத்திரை வந்தது. கர்ப்பிணிகளின் வாந்தியை நிறுத்தும் மாத்திரை. வலது அறைச் சினை எலிகளுக்கு அதைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள், இடது அறைக்கு வெறும் தீனி. முதல் மாதமே நோட்டு சரியில்லை. இடது அறையில் முதல் நாள் பதினொன்று என்றால் நாலாம் நாளும் பதினொன்று. வலது அறையில் பதினொன்று ஏழானது. பன்னிரண்டு ஆறானது. பத்து ஐந்தானது.

அடுத்த முறை அவள் எண்ணுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு குட்டியாக உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முன்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்குச் சின்ன மொட்டு மாதிரி ஒரு முனை. இன்னொன்றுக்குக் கால் இருந்தது, விரல் இல்லை. திருப்பி வைத்துவிட்டு அசையாமல் நின்று பார்த்தாள். தாய் ஒவ்வொன்றாக முகர்ந்தது, புரட்டியது, சிலவற்றை மட்டும் ஓரமாகத் தள்ளியது. தள்ளியவற்றிலிருந்துதான் தின்ன ஆரம்பித்தது. நாலாம் நாள் காலை கூண்டு சுத்தமாக இருந்தது. ஏழு குட்டிகள், ஏழுக்கும் நாலு கால். படிவத்தில் ‘ஏழு, நலம்’ என்று எழுதினாள். அதே கையால் அதற்கு முன் எத்தனை ‘நலம்’ எழுதியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

புதிதாகச் சேர்ந்திருந்த சின்ன டாக்டரம்மா ஒருத்திதான் அவளிடம் உட்கார்ந்து பேசுவாள். எலியக்கா அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். டாக்டரம்மா தொடர்ந்து பத்து நாள் மேலே வந்து பார்த்தாள். பத்தாவது நாள் தீனி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நாம நாலாம் நாள் எண்ணுறோம். அதுக்குள்ள ஊனமானதையெல்லாம் தாய் தின்னு துடைச்சு வச்சிடுது. இத்தனை வருஷமா நமக்கு எதுவுமே தெரியாமப் போயிருக்கு."

டாக்டரம்மா கால் வளராத இரண்டு குட்டிகளைப் புட்டியில் பாதுகாத்து, கட்டுரை எழுதி, பெரியவர் மேசையில் வைத்தாள். மறுநாளே இருவரையும் கூப்பிட்டுவிட்டார்.

"யாரைக் கேட்டுக் கூண்டைத் திறந்தீங்க?" என்று எலியக்காவைத்தான் முதலில் கேட்டார்.

"எப்பவுமே திறப்பேன் சார்."

"அப்ப விஷயம் முடிஞ்சுது. உங்க கைவாடை. தாய் மிரண்டு தின்னிருக்கு. இதுக்கு ஒரு கட்டுரை வேறயா?"

"இடது ரூமையும் இதே கைதான் சார் திறக்குது. அங்க ஒண்ணும் தின்னலையே."

டாக்டரம்மா புட்டியை முன்னால் நகர்த்தி வைத்தாள். பெரியவர் அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"தாய் கடிச்சுத் துப்பினது. கால் வளராததுக்கும் கடிபட்டதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்றார். அதற்குப் பிறகு எலியக்காவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா விடவில்லை. ஆண்டு மாநாட்டில் பத்து நிமிடம் வாங்கிப் பேசினாள். பேசி முடித்ததும் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர், "அந்த அம்மா என்ன சோப்பு போடறாங்கன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றாராம். அரங்கமே சிரித்திருக்கிறது. பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை இரண்டு வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. விலங்குக் காப்பாளரின் கைவாடையால் ஏற்பட்ட விளைவு என்று அதில் இருந்தது. படித்தவர்கள் எழுதியது அது. இடது அறைக் கேள்விக்கு அவர்களில் ஒருவரும் பதில் எழுதவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரம்மாவை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். எலியக்காவை அடித்தளத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் அறைக்கு அனுப்பினார்கள். வலது அறைக்குக் கையுறை போட்ட புது ஆள் வந்தான், சட்டப்படி நாலாம் நாள் எண்ணினான், எல்லாம் நலம் என்று எழுதினான். ஒரு வருடத்தில் மாத்திரை கடைக்கு வந்துவிட்டது. நீல நிற அட்டை, ஒரு அட்டைக்குப் பதினாலு. மருந்துக்கடை வாசலில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படத்தோடு விளம்பரம் வைத்திருந்தார்கள். எலியக்கா அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள்.

வேறு ஊரில் வேலை பார்த்த மகள், மூன்றாம் மாதத்தில் ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். கர்ப்பமாக இருப்பதை நேரில் சொல்ல வேண்டும் என்று கடிதத்தில்கூட எழுதாமல் வைத்திருந்தாள். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். மகள் பையைத் திறந்து சேலைகளை எடுத்து அடுக்கியபோது, நடுவிலிருந்து அந்த நீல அட்டை விழுந்தது. எலியக்கா குனிந்து எடுத்தாள். பதினொரு குழி காலி.

"எப்பலேர்ந்து சாப்பிடுற?"

"ரெண்டு மாசம் முடியறப்ப ஆரம்பிச்சேன். ஏன்மா?"

"இனிமே வேண்டாம்."

"அம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதுவும் உங்க நிலையமே சோதிச்சுச் சரின்னு சொன்னதுதானே? நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருக்கேன்."

"எனக்குப் பிடிக்கல. விடு."

"எலிக்கு ஒத்துக்காதது மனுஷனுக்கு ஒத்துக்காதுன்னு இருக்கா?" என்று கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எலியக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

மீதி மூன்று மாத்திரையையும் எடுத்துச் சாக்கடையில் போட்டாள். காரணம் சொல்லவில்லை. மூன்று மாதச் சூலியிடம் எப்படிச் சொல்வது? வயிற்றுக்குள் பார்க்கும் ஸ்கேன் அந்த ஊருக்கு அப்போது வந்திருக்கவில்லை. சொன்னால் மிச்சம் ஆறு மாதமும் பயந்தே கிடப்பாள். அந்த ஆறு மாதப் பயத்தையும் தான் ஒருத்தியே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

அதன் பிறகு அவள் செய்த வேண்டுதல் வேடிக்கையானது. பெரியவர் சொன்னது சரியாக இருக்கட்டும். எல்லாமே என் கைவாடையாக இருக்கட்டும். அந்த அரங்கத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கட்டும். குடுவை கழுவும்போது அடிக்கடி கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். இரண்டு வருடமாக எலிப் பக்கமே போகாத கை, அமிலத்திலும் சோப்பிலும் ஊறின கை. வாடை இன்னும் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிரசவத்துக்கு மகள் இங்கேயே வந்துவிட்டாள். வலி எடுத்தது விடிந்த பிறகு. பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே இருந்த நீள நடையில் எலியக்காவை உட்கார வைத்தார்கள். எதிரிலேயே மருந்து கொடுக்கும் ஜன்னல். கர்ப்பப் பரிசோதனைக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்று சீட்டை நீட்டினார்கள். உள்ளேயிருந்து ஒரு கை நீல அட்டையை வெளியே தள்ளியது. அவள் எண்ணத் தொடங்கினாள். எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. பதினேழாவது அட்டையில் பிரசவ அறைக் கதவு திறந்தது.

"பொண்ணு" என்றாள் நர்ஸ். "கை கழுவிட்டு வாங்கிக்குங்க."

கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள். துணியை விலக்கினாள். இரண்டு கால், பத்து விரல். இடது கை, ஐந்து. வலது கையைத் துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். மூன்று. கட்டை விரல் இல்லை, அதற்கு அடுத்ததும் இல்லை. மறுபடி எண்ணினாள். குழந்தை அந்த மூன்று விரலையும் மடக்கி அவள் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"மத்தபடி நல்லா இருக்கா. அழுகை கேட்டீங்கல்ல?" என்றாள் நர்ஸ். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாசம் வந்ததைப் பாத்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்லைம்மா."

"இந்த மாசம்னா?"

"ரெண்டு. கையே இல்லாம. ஒண்ணு ஒரு மணி நேரம் இருந்துச்சு, இன்னொண்ணு மறுநாள் வரைக்கும்."

"அதையெல்லாம் எங்க எழுதறீங்க?"

"பிரசவ ரெஜிஸ்டர்ல வீட்டுக்குப் போறப்பதாம்மா குழந்தை எப்படி இருக்குன்னு ஏத்துவோம். போகாததுக்கு வேற ரெஜிஸ்டர். அதுல பலவீனம்னு போட்டுடுவோம்."

"எத்தனாம் நாள் வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"நாலாம் நாள்" என்றாள் நர்ஸ். "உங்க பேத்திக்கு நலம்னே போட்டுடறேன், கவலைப்படாதீங்க."

"போடாதீங்க" என்றாள் எலியக்கா. "எத்தனை விரல்னு எழுதுங்க."

உள்ளே மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். குழந்தையைப் பக்கத்தில் விட்டாள், வலது கையை மூடவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். ஒரு விரலால் அந்தச் சின்னக் கையைத் தொட்டு, இல்லாத இடத்தைத் தடவினாள்.

"அன்னிக்கு அந்த அட்டையை எடுத்துக்கிட்டியே. உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். என் கைவாடைன்னாங்க. உன்கிட்டதான் சொல்லல." எலியக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மகள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வெளியே நடையில் சீட்டு நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் குடுத்துட்டிருக்காங்களா?"

"ம்."

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்க? போம்மா."

எலியக்கா எழுந்து போனாள். ஜன்னலிலிருந்து அப்போதுதான் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிய பெண்ணை வழிமறித்தாள். வயிறு இன்னும் தெரியவில்லை, இரண்டாம் மாதம் இருக்கும். மகளை விடச் சின்னவள்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்த மாத்திரை வேண்டாம். குழந்தைக்கு ஆகாது. நான் பார்த்திருக்கேன்."

அந்தப் பெண் நின்றாள். பயந்துபோய் அட்டையைப் பார்த்தாள், பிறகு எலியக்காவின் வெளுத்துப்போன சேலையையும் அமிலம் பட்டுத் தோலுரிந்த கைகளையும் பார்த்தாள்.

"நீங்க டாக்டரா?"

"இல்லைம்மா. எலிக் கூண்டு கழுவறவ."

"ஓ" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகச் சிரித்தாள். அட்டையைக் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். ஜன்னலில் அடுத்தவள் சீட்டை நீட்டினாள்.